கம்பத்தில் பிறந்தவள்

புத்தகக் கடைக்காரர் போன் செய்தபோது நான் மீன் குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு நின்றிருந்தேன்.

"அம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி. மறந்துடாதீங்க. மொதல்ல நீங்க ரெண்டு பக்கம் வாசிக்கிறீங்க, அதுக்கப்புறம் கையெழுத்து. போஸ்டர் ஒட்டியாச்சு."

"யாரு வாசிக்கிறது?"

"நீங்கதாம்மா. எழுதினவங்க வாயால கேட்டாத்தானே ஜனங்களுக்குப் பிடிக்கும்."

"சரி பாய்," என்றேன். வேறு என்ன சொல்வது? அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். குழம்பு இன்னும் கொதிக்கவே இல்லை.

எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும் என்று சொன்னால் அதுவும் பொய். நான் பிறந்த கம்பத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. கம்பம் என்று எங்கள் ஆட்கள் சொல்வது மலாயில் கம்போங். அடுக்குமாடிகள் வருமுன்னே பலகை வீடும் அத்தாப்பு ஓலைக் கூரையும் பொதுக் கிணறுமாக இருந்த குடியிருப்பு. எங்களுடையது சிங்கப்பூரின் வடக்கே, செம்பவாங் ரோட்டிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும். பள்ளிக்கூடம் ஒரே அறை. அதில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்தேன். அதற்குள் அம்மாவுக்கு அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள். தொட்டில் ஆட்ட ஆள் வேண்டியிருந்தது. என் படிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

கடைப் பலகை படிப்பேன். பஸ் நம்பர் படிப்பேன். மருந்துப் பையில் காலை, இரவு என்று போட்டிருப்பதைப் படிப்பேன். ஒரு முழுப் பக்கம் என்றால் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போக அரை மணி நேரம் பிடிக்கும். அதுவும் வாய் அசையாமல் முடியாது. இது என் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். காலையில் பசியாறும்போது அவர் தமிழ்ப் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார். அக்கம்பக்கத்தில் அவருக்கு அது ஒரு பழக்கம் என்று நினைத்தார்கள். எனக்காகத்தான் படிக்கிறார் என்பதை அவரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பத்திரிகையை நான் நிறுத்தவில்லை. காரிடாரில் நாற்காலி போட்டு, விரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். போகிறவர் வருகிறவர், "என்னாம்மா நியூஸ் இன்னைக்கு?" என்றால், "அதே கதைதான்," என்பேன். அந்தப் பதில் ஒரு நாளும் தப்பாகப் போனதில்லை.

அப்படிப்பட்டவள் புத்தகம் போட்டது பேசித்தான். பூன் லேயில் எங்கள் புளோக்கில், என் வீட்டிலிருந்து மூன்றாவது கதவில், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பொண்ணு இருக்கிறாள். புருஷன் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அவர் வேலைக்குப் போனதும் இவள் கோப்பியோடு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் பேசுவேன், அவள் கேட்பாள். ஒரு நாள், "அம்மா, நீங்க பேசறதை போன்ல பதிஞ்சு அப்படியே டைப் பண்ணினா ஒரு புத்தகம்மா," என்றாள். நான் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன். நாலு மாசம் பேசினேன். அவள் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"படிச்சுப் பாருங்கம்மா. எங்கயாவது தப்பிருந்தா பென்சில்ல கோடு போடுங்க."

மூன்று நாள் அந்தக் கட்டு மேஜையில் இருந்தது. அவள் வருகிற நேரத்தில் எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் திருப்புவேன். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு கோடு கூட இல்லாமல் கொடுத்தால் சந்தேகம் வரும் என்று, எங்கேயோ நடுவில் ஒரு வார்த்தைக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "அட ஆமாம்மா! இங்க ஒற்று வரணும். நான் நாலு தடவை பாத்தும் கண்ணுல படல. நீங்க பிடிச்சிட்டீங்க," என்றாள். பிறகு, எல்லாம் சரி என்று ஒரு தாளில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். கையெழுத்து எனக்கு நன்றாக வரும். வீட்டுக்காரர் பழக்கிவிட்டது.

இப்போது இரண்டு பக்கம் வாசிக்க வேண்டும்.

யோசித்தேன். நான் பேசின பேச்சு என் போனிலும் இருக்கிறது, அந்தப் பொண்ணு அனுப்பி வைத்தது. முதல் பதிவு, முதல் அத்தியாயம். அதையே கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிவிடலாம். புத்தகத்தை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கலாம். இடையில் ஒரு தடவை பக்கம் திருப்பினால் போதும். கையெழுத்துப் போடும்போது, என் பேரை எழுதிக் கொடுங்கள் என்று கேட்பார்களே, அதற்கும் வழி கண்டுபிடித்தேன். கடைக்காரருக்கு நானே போன் பண்ணி, "பாய், எனக்குக் காது கொஞ்சம் மந்தம். பேரை ஒரு துண்டுத் தாள்ல எழுதிப் புத்தகத்துக்குள்ள வெச்சுக் குடுத்துருங்க," என்றேன். "நாங்க எப்பவுமே அப்படித்தாம்மா, மஞ்சத் தாள் ஒட்டித்தான் நீட்டுவோம்," என்றார். பார்த்து எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. என் காதும் மந்தமில்லை.

வியாழக்கிழமைக்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. பாத்திரம் கழுவும்போது சொன்னேன், துணி காயப்போடும்போது சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை. வெள்ளிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குப் போனவள் அந்தப் புத்தகக் கடை வரைக்கும் நடந்தேன். மாடிப்படி ஏறுகிற இடத்தில் போஸ்டர். என் போட்டோ, நீலப் புடவையில். கீழே என் பேர் பெரிய எழுத்தில். அதைப் படித்தேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நாலு வரி இருந்தது. பின்னால் ஆள் வந்துகொண்டிருந்தார்கள். நின்று வாயை அசைக்க முடியாது. வந்துவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். கூடப் பிறந்தவள் இல்லை. கம்பத்தில் அடுத்த வீடு. என்னைவிட ஒரு வயது மூத்தவள், நான் விட்ட பள்ளிக்கூடத்தை அவள் விடாமல் படித்தவள். இன்னும் செம்பவாங்கில்தான் இருக்கிறாள். அந்தப் போஸ்டரை யாரோ அவள் போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"ஏண்டி, நீ எப்பலேருந்து தேனிக்காரி ஆனே?"

"என்னக்கா சொல்றீங்க?"

"போட்டிருக்கே! 'தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் கம்பத்தில் பிறந்து, மணமாகிச் சிங்கப்பூர் வந்தவர்.' உங்கப்பா தேனியிலேருந்தா தினம் சைக்கிள் மிதிச்சு நேவல் பேஸுக்கு வேலைக்கு வந்தாரு?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"ஊர்லேருந்து வந்தவன்னு போட்டாத்தான் புத்தகம் போகுமோ? நம்ம கம்பம் உனக்கு அவ்வளவு கேவலமாப் போச்சா லா?"

"அச்சுல வந்த தப்புக்கா."

"அச்சுல ஒரு எழுத்து தப்பாகும். ஒரு மாவட்டமே தப்பாகுமா? நீ படிச்சுப் பாத்துட்டுத்தானே விட்டே?"

அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருந்தால் எல்லாம் அந்தப் போனோடு முடிந்திருக்கும். ஒரே ஒரு சொல். அறுபது வருஷத்துக்கு மேல் கட்டிக் காத்ததை ஒரு போனில் எப்படிக் கொட்டுவது?

"ஆமா, படிச்சேன்," என்றேன்.

"சரி. ஞாயித்துக்கிழமை வர்றேன். நாலு பேரு முன்னால கேக்கறேன். பதிலை வெச்சுக்க," என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கம். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். நான் போனில் சொன்னது, "நான் பொறந்தது கம்பத்துல. கல்யாணம் ஆகற வரைக்கும் கம்பம்தான். அப்புறம் கேலாங் வந்தேன்." அவ்வளவுதான். புத்தகத்தில் இருந்தது: "நான் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த கம்பம் என்னும் எழில்மிகு ஊரில் பிறந்தேன்." அதைப் படித்து முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் கம்பம் என்று ஒரு ஊர் இருப்பதே எனக்கு அக்கா போன் செய்த பிறகுதான் தெரியும். எந்தக் கம்பம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு இருந்தது ஒரே கம்பம்.

அந்தப் பொண்ணு மேல் கோபமாக வந்தது. நான் சொல்லாததை எப்படிப் போடலாம்? எழுந்தேன், கேட்டுவிடலாம் என்று. செருப்பு மாட்டும்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் கேட்டாள். முதல் நாள் பதிவு முடிந்து, கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, நீங்க கம்பமா! தேனியாம்மா? எங்க அம்மாவுக்கும் அங்கதான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா ஆமா, கம்பத்துல தேனீ நெறைய. கிணத்தடிப் பலா மரத்துல கூடே கட்டியிருக்கும்," என்றேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள். அவள் அம்மாவுக்கும் அங்கே தேனீ இருந்ததாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். என்ன கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். புரியாத சொல் வந்தால் ஆமா போட்டுத் தாண்டிப் போவது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். படிப்பில்லாதவர்களுக்குத் தெரியும் அது.

ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவளிடம் மட்டும் சொன்னால் போதும், போஸ்டரை மாற்றலாம், ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும் முன்னால் கடைக்காரரே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். மூன்றாவது கதவுக்குப் போனேன். கதவு திறந்தது. திறந்தது அவள் இல்லை. என் வயதுக்குப் பத்து குறைவாக ஓர் அம்மா, தலையில் கனகாம்பரம், பொண்ணின் அம்மா, ஊரிலிருந்து இரண்டு நாளுக்கு முன்னால் வந்தவர்.

"வாங்க வாங்க! நீங்கதானா? பொண்ணு போன்ல உங்களைப் பத்தித்தான் பேசும். நம்ம ஊர்க்காரவங்கன்னு சொன்னதும் எனக்கு அப்படி ஒரு சந்தோசம். உக்காருங்க. கம்பத்துல நீங்க எந்தத் தெரு?"

பொண்ணு சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கையில் மாவு.

"அதெல்லாம் இப்ப இல்லைங்க. எல்லாத்தையும் இடிச்சிட்டாங்க," என்றேன். பொய்யில்லை.

"ஆமாமா, ரோடு போடறேன்னு நெறைய எடுத்துட்டாங்க," என்றார் அந்த அம்மா. "வேப்ப மரமெல்லாம் போச்சு."

சுக்குக் கோப்பி கொடுத்தார்கள். முறுக்கு கொடுத்தார்கள். அந்த அம்மா ஊர்க் கதை பேசப் பேச நான் தலையாட்டினேன். பொண்ணிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல இடமே கிடைக்கவில்லை என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது. அவள் லிப்ட் வரைக்கும் என்னோடு வந்தாள், கீழே கடைக்குப் போக. "ஏம்மா ஒரு மாதிரி இருக்கீங்க, நாளைக்கு வாசிக்கறதை நெனச்சு பயமா?" என்று கேட்டாள். "எனக்கென்ன பயம்," என்றேன். லிப்ட் கதவு மூடியது.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லீவு நாளில் வந்த வெளிநாட்டு ஊழியர்கள் ரோட்டோரம் முழுக்க நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் புகுந்து வருவதற்குள் கையில் இருந்த புத்தகம் வியர்வையில் ஈரமாகிவிட்டது. மாடிப்படி ஏறினேன். போஸ்டரைப் பார்க்கவில்லை.

கடை சின்னதுதான். அலமாரிகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் அக்கா, கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி அதன்மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. இரண்டாம் வரிசையில் பொண்ணும் அவள் அம்மாவும். அந்த அம்மா பட்டுப் புடவையில் வந்திருந்தார். மற்றதெல்லாம் எனக்குத் தெரியாத முகங்கள். வாசலிலேயே புத்தகம் வாங்கி எல்லாரும் மடியில் வைத்திருந்தார்கள்.

கடைக்காரர் மைக்கைப் பிடித்தார். "தேனி மாவட்டத்திலிருந்து நம்ம சிங்கப்பூருக்கு வந்து..." என்று ஆரம்பித்தார். அக்காவின் கைத்தடி தரையில் ஒரு தட்டுத் தட்டியது. ஒரே ஒரு தட்டு. அவர் நிறுத்திப் பார்த்துவிட்டு மேலே பேசினார். பொண்ணின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, "எங்க ஊருங்க," என்றது எனக்குக் கேட்டது.

என் முறை வந்தது. எழுந்து நின்றேன். புத்தகத்தை முதல் பக்கத்தில் விரித்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"நான் பொறந்தது கம்பத்துல," என்று ஆரம்பித்தேன். குரல் நன்றாகத்தான் வந்தது. "கல்யாணம் ஆகற வரைக்கும் கம்பம்தான். வீட்டுக்கு முன்னால கிணறு. எங்கம்மா தண்ணி இறைக்கிற சத்தத்துலதான் நாங்க கண்ணு முழிப்போம்..."

தடையில்லாமல் போனது. ஒரு பாட்டுப் போலப் போனது. மனசுக்குள் ஒரு தைரியம்கூட வந்துவிட்டது. அப்போதுதான் சரசரவென்று ஒரு சத்தம். பக்கம் திருப்புகிற சத்தம். முதலில் ஒருவர், பிறகு இன்னொருவர், பிறகு வரிசை வரிசையாக. எல்லாரும் மடியில் இருந்த புத்தகத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மனப்பாடம் பண்ணினேனே தவிர, கேட்கிறவர்கள் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் கையைத் தூக்கினார். "மன்னிக்கணும்மா. எந்தப் பக்கம்? புத்தகத்துல வேற மாதிரி இருக்கே."

நான் நின்றுவிட்டேன். பக்கம் திருப்புகிற சத்தமும் நின்றது.

கடைக்காரர் கெட்டிக்காரர். உடனே எழுந்து, "அம்மா பாக்காம மனசுலேருந்தே சொல்றாங்க. எழுத்தாளர்னா அப்படித்தான்," என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் கைதட்டக்கூட ஆரம்பித்தார். எனக்கு வழி திறந்துவிட்டார் அவர். அதில் நுழைந்து போயிருந்தால் இன்றைக்கும் நான் படித்தவளாகவே இருந்திருப்பேன்.

"மனசுலேருந்து சொல்றது இருக்கட்டும்," என்றாள் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. மைக் இல்லாமலே கடை முழுக்கக் கேட்கும் குரல் அவளுக்கு. "புத்தகத்துல இருக்கறதை வாசி. மொதல் வரியை மட்டும் வாசி, போதும்."

பொண்ணு அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அம்மா இன்னும் சிரித்த முகமாகவே இருந்தார்.

கண்ணாடி வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லலாம். தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடலாம். இரண்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எது என்னைத் தடுத்தது என்று இப்போதும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அக்காவுக்கு நான் கம்பத்தை மறுத்தவளாகத் தெரிவது ஒரு பக்கம். படிக்காதவளாகத் தெரிவது ஒரு பக்கம். இரண்டில் எது பொறுக்காது என்று அந்த நிமிஷம் பார்த்தேன். முந்தினதுதான் பொறுக்கவில்லை.

புத்தகத்தை மேஜையில் வைத்தேன். விரலை வரிக்குக் கீழே வைத்தேன்.

"நா...ன். தே...னி. மா...வ...ட்...ட...த்...தி...ல்."

மேலே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. வீட்டில் தனியாகக் கூட்டினபோது சரியாக வந்ததெல்லாம் அங்கே வரவில்லை. மேற்குத் தொடர்ச்சியில் சிக்கிக்கொண்டேன். மே, மே, என்று இரண்டு தடவை வந்தது. பின்வரிசையில் யாரோ அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள். அவரைக் கைகாட்டி நிறுத்தினேன். நானே போனேன். கழுத்தில் வியர்வை இறங்கி ரவிக்கை நனைந்தது. அந்த ஒரு வரிக்கு எத்தனை நேரம் ஆனதோ, முடித்துவிட்டேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச படிப்பு," என்றேன். "இந்தப் புத்தகத்தை நான் பேசினேன். படிக்கல. நேத்துதான் இந்த வரியைப் படிச்சேன். தேனியை நான் கண்ணால பாத்தது கிடையாது. நான் பொறந்தது செம்பவாங் ரோட்டுக் கம்பம். இதோ உக்காந்திருக்காங்களே அக்கா, இவங்களுக்கு அடுத்த வீடு. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. தேனியான்னு கேட்டா. நான் தேனீன்னு நெனச்சு, ஆமா நெறைய இருக்குன்னு சொன்னேன். படிச்சுப் பாருங்கன்னு குடுத்தா. படிக்காமலே சரின்னேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள். பொண்ணு தலை குனிந்தபடி இருந்தாள். அவள் அம்மா மடியில் இருந்த புத்தகத்தை மூடினார்.

அக்காதான் பேசினாள். "அடிப் பாவி. இத்தனை வருசமா பத்திரிகையில என்னாடி போட்டிருக்கான்னு உன்கிட்டதானே கேட்டுக்கிட்டிருக்கேன்?"

"நான் என்னக்கா சொன்னேன்?"

"அதே கதைதான்னு சொல்லுவே."

"அதானே இருந்துச்சு?"

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போன்லயே சொல்லியிருக்கலாம்ல? தடியை ஊனிக்கிட்டு இவ்வளவு தூரம் சண்டைக்கு வந்தேன்," என்றாள்.

கடைக்காரர் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அம்மா, கையெழுத்து வேணும்னா இன்னொரு நாள் வெச்சுக்கலாம். புத்தகத்தையும் திருத்தி வேற அச்சடிக்கலாம்," என்றார். அவர் முகம் வாடிப்போயிருந்தது. பின்னால் புத்தகம் அடுக்கடுக்காக இருந்தது.

"இருக்கறதை என்ன பண்ணுவீங்க? பேனா குடுங்க பாய்," என்றேன்.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முதலில் அக்கா வந்தாள். முதல் பக்கத்தைப் பிரித்து, தேனி மாவட்டத்திலிருந்து எழில்மிகு ஊர் வரைக்கும் ஒரே கோடாக அடித்தேன். மேலே இருந்த வெள்ளை இடத்தில் 'செம்பவாங் ரோட்டுக் கம்பத்தில்' என்று எழுதினேன். அதை எழுத நேரம் பிடித்தது. அக்கா மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ங-வுக்குப் புள்ளி வைடி."

"வெக்கிறேன், கைய எடுங்க."

அப்புறம் கையெழுத்து. மஞ்சள் தாளைப் பார்த்துப் பேர். வரிசை நகரவே இல்லை. இரண்டு மூன்று பேர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு. அது வலித்தது. மற்றவர்கள் நின்றார்கள். கண்ணாடிக்காரர் வந்தபோது, "நான் கேட்டிருக்கக் கூடாதும்மா," என்றார். "கேட்டது சரிதான்," என்றேன்.

பொண்ணு வந்தாள். கண் சிவந்திருந்தது. புத்தகத்தை நீட்டவில்லை.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. நான் சத்தமில்லாம மாத்தியிருப்பேன். எழில்மிகு ஊருன்னெல்லாம் நானா சேத்தது. அழகா இருக்கட்டும்னு சேத்தேன்."

"நேத்து அதுக்குத்தான் வந்தேன்."

"லிப்ட்டுல கேட்டேனே."

"கேட்டே," என்றேன். அவள் நகர்ந்து நின்றாள்.

அவள் பின்னால் அவள் அம்மா. இரண்டு கையாலும் புத்தகத்தை மேஜையில் வைத்தார்.

"எனக்கு மட்டும் அடிக்காதீங்க."

பேனாவைத் தூக்கினபடி அவரைப் பார்த்தேன்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தாங்க பிளேன் ஏறினேன். நம்ம கம்பத்துப் பொம்பளை ஒருத்தங்க சிங்கப்பூர்ல புத்தகம் போட்டிருக்காங்கன்னு. இது உங்களுக்குக் கண் காணாத ஊருக்குப் போற ஒரு புத்தகம்தானே. இங்கேருந்து யாரு அங்க வந்து பாக்கப் போறாங்க? கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, மத்ததை விட்டுருங்க."

அவர் கண்ணில் கோபமில்லை. கெஞ்சல்தான் இருந்தது. என்னால்தான் அந்த அம்மா ஊரில் பொய் சொன்னவராகப் போகிறார். நேற்று அவர் வீட்டில் உட்கார்ந்து, சுக்குக் கோப்பி குடித்துக்கொண்டே, எல்லாத்தையும் இடிச்சிட்டாங்க என்று சொன்னவள் நான்.

"ஒரு புத்தகந்தானே லா, விட்டுத் தொலையேன்," என்றாள் அக்கா பக்கத்து நாற்காலியிலிருந்து. வெள்ளிக்கிழமையிலிருந்து சண்டைக்கு நின்றவள்தான் அப்படிச் சொன்னாள்.

எனக்கும் விட்டுவிடத் தோன்றியது. கை அப்படியே நின்றது. ஆனால் அந்தப் புத்தகம் போகிற ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். படித்துவிட்டு அப்படியே நம்புவார்கள்.

"மன்னிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு அடித்தேன். மற்றப் புத்தகங்களில் போட்ட அதே கோடு, அதே நீளம். மேலே செம்பவாங் என்று எழுத ஆரம்பித்தேன். அந்த அம்மா போகவில்லை. நான் எழுதி முடிக்கிற வரைக்கும் நின்று, புள்ளி வைத்ததும் புத்தகத்தை எடுத்து அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செம்பவாங்னா எங்கிருக்கு?" என்று மகளைக் கேட்டார்.

"வடக்கால இருக்கும்மா," என்றாள் அவள்.

"தூரமா?"

"பஸ் போகுதுங்க," என்றேன் நான். "நாளைக்கு வேணும்னா கூட்டிட்டுப் போறேன். கம்பம் இருக்காது. இடத்தைக் காட்டறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்பது போலத் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டார். கடைக்காரர் அடுத்த மஞ்சள் தாளை ஒட்டி என் முன்னால் நகர்த்தினார்.